முக்கும் மூலையும்

அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போன நோயாளி, தினமும் தன் புண்ணைப் பார்த்து நிரப்ப வேண்டிய படிவம் அது. ஒரே பக்கம்தான். வீக்கம் உண்டா, வலி எவ்வளவு, காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டுக்கொண்டே வந்து, நடுவில் "டிஸ்சார்ஜ்" என்று ஒரு வரி. அதன் கீழே மூன்று கட்டங்கள்: தெளிவானது, மஞ்சள், ரத்தம் கலந்தது. புண்ணிலிருந்து கசிகிற நீரைப் பற்றிய கேள்வி. அந்த ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்த்து நாங்கள் திருத்தத்துக்கு அனுப்பிய ஸ்பானிய வடிவத்தில் அந்த வரி "ஆல்தா" என்று போயிருந்தது. ஆல்தா என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது. அதாவது, வீட்டுக்கு அனுப்பியது மஞ்சளா, ரத்தம் கலந்ததா என்று ஒரு நோயாளியிடம் கேட்டிருப்போம்.

மெக்சிகோவில் இருந்த எங்கள் திருத்துநர் அதைப் பிடித்துவிட்டார். படிவம் யார் கைக்கும் போகவில்லை. அவர் எனக்கு எழுதியது ஒரே வரி: "இதை என் அம்மாவிடம் கொடுத்தால், அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவார்?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வரியை முதலில் மொழிபெயர்த்தவள் நான்தான்.

தவறு எப்படி நுழைந்தது என்று மறுநாள் தேடிப் பார்த்தேன். சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில் அப்போது எனக்கு இரண்டாவது வருடம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கான ஆங்கிலப் படிவங்களை நாங்கள் ஸ்பானிஷில் முதல் வரைவு போடுவோம். ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் திருத்துவார். நாங்கள் வேலை செய்த மென்பொருளில் மொழிபெயர்ப்பு நினைவகம் என்று ஒன்று உண்டு. முன்பு மொழிபெயர்த்த வரி அச்சு மாறாமல் மறுபடி வந்தால் பழைய மொழிபெயர்ப்பை அதுவே எடுத்து நிரப்பிவிடும். அதே வேலையில் வந்த வேறொரு படிவத்தில் "டிஸ்சார்ஜ்" என்பதற்குக் கீழே தேதியும் மருத்துவர் பெயரும் இருந்தன. அங்கே நான் எழுதிய ஆல்தா சரி. மென்பொருள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து புண்ணுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டது. அங்கே வேண்டியிருந்தது, கசிவைக் குறிக்கும் "செக்ரெசியோன்". வரி பச்சை நிறத்தில், நூறு சதவீதப் பொருத்தம் என்று காட்டியது. பச்சையைப் பார்த்ததும் நான் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

ஒரு சொல்தானே, இதற்கா இவ்வளவு கவலை என்று தோன்றலாம். ஸ்பானிஷ் வகுப்பில் ஆசிரியர் சொன்ன ஒரு சம்பவம் எனக்குள் அழியாமல் இருந்தது. 1980ல் ஃப்ளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். "இந்தொக்சிகாதோ" என்றார்கள், சாப்பிட்டதோ குடித்ததோ ஏதோ உடம்புக்குச் சேரவில்லை என்று அவர்கள் மனதில். ஆங்கிலக் காதில் அது "இன்டாக்சிகேட்டட்" என்று விழுந்தது. போதை மருந்து அதிகமானதற்கான சிகிச்சை நடந்தது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. கை கால்கள் செயலிழந்தன. வழக்கு கடைசியில் சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. பணம் யாருக்கு வேண்டும்? அந்தப் பையன் நடந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, நியூயார்க்கின் ப்ராங்க்ஸ் பகுதி மருந்துக்கடைகளைப் பற்றியது. கணினி போட்டுத் தந்த ஸ்பானிய லேபிள்களை ஆராய்ந்து 2010ல் ஒரு கட்டுரை வெளியானது. ஏறக்குறைய பாதி லேபிள்களில் பிழை. அதில் எழுப்பப்பட்ட எச்சரிக்கைகளில் ஒன்று, ஒரு தடவை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை, ஓ-என்-சி-ஈ, அப்படியே விட்டுவிடுவது பற்றியது. அதே நான்கு எழுத்தை ஸ்பானிஷ் படிப்பவர் "ஒன்ஸே" என்று படிப்பார். ஒன்ஸே என்றால் பதினொன்று. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, ஒரு நாளைக்குப் பதினொன்று.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் முதலில் செய்தது, பெரிய அகராதிகளை வாங்கியது. பயன் குறைவு. அகராதி ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒன்பது ஸ்பானியச் சொற்களைத் தரும், ஒன்பதும் சரிதான். இந்த இடத்துக்கு எது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது என் தலைக்குள் இருக்கிற ஏதோ ஒன்று. அது ஆங்கிலமாக இருக்க முடியாது. ஆங்கிலம்தானே எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது.

வழி எனக்குக் கிடைத்தது தானாகச் சுற்றும் தரை துடைப்பான் ஒன்றின் கையேட்டில். "கார்னர்" என்று வந்த இடமெல்லாம் "எஸ்கினா" என்று எழுதினேன். திருத்தி வந்ததில் எல்லாம் "ரின்கோன்" ஆகியிருந்தது. அறைக்கு உள்ளே இரண்டு சுவர் சேரும் இடம் ரின்கோன். வெளியே தெரு திரும்பும் இடம் எஸ்கினா. இதை எப்படி மனதில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல்தான் கேட்டது. "தெரு முக்குல நிக்கிறேன், சீக்கிரம் வா." "அந்தப் பையை மூலையில வை." முக்கு எஸ்கினா. மூலை ரின்கோன். ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது எங்கள் வீட்டுத் தமிழில் ஏற்கெனவே பிரிந்து கிடந்தது.

வகுப்பில் எங்களுக்கு அடிக்கடி சொன்னது "தமிழில் யோசிக்காதீர்கள், ஸ்பானிஷிலேயே யோசியுங்கள்" என்பது. பேசப் பழகுகிறவர்களுக்கு அது நல்ல அறிவுரை. ஆங்கிலத்திலிருந்து எழுத்தில் மொழிபெயர்க்கிறவருக்கு, தமிழை வாசலில் விட்டுவிட்டு வருவது கையில் இருக்கிற சல்லடையை எறிவது மாதிரி. அன்றிலிருந்து, பல பொருள் தரும் ஆங்கிலச் சொல் வந்தால், அந்த வாக்கியத்தை முதலில் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். புத்தகத் தமிழில் சொன்னால் வேலைக்கு ஆகாது. அம்மாவிடம் சொல்வது போலச் சொல்ல வேண்டும்.

"டைம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மணி என்ன, நேரமில்லை, மூணு தடவை, அந்தக் காலத்துல என்று தமிழில் நாலாகப் பிரியும். ஸ்பானிஷிலும் நாலு: ஓரா, தியெம்போ, வெஸ், எப்போகா. கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. "ஹாட்" என்றால் காபி சூடு, குழம்பு காரம். கலியெந்தே, பிகாந்தே. வெயில் அடிக்கிறது, புழுக்கமாக இருக்கிறது என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்களும் "சூடாக இருக்கிறேன்" என்று சொல்வதில்லை. கலியெந்தே என்பதைத் தன்னைப் பற்றிச் சொன்னால் காமப் பொருள் வந்துவிடும். படிவங்களில் இதை மறக்கவே கூடாது. "ஃப்ரீ" இலவசம் என்றால் கிராதிஸ். சுதந்திரம் என்றாலும், நாற்காலி காலியாக இருக்கிறது என்றாலும் லிப்ரே. சர்க்கரை இல்லாதது என்றால் "சின் அசூகார்", அதாவது சர்க்கரை இல்லாமல், தமிழில் சொல்வது போலவே. "ப்ளே" என்றால் பந்து விளையாடு, வீணை வாசி, ஹுகார், தோகார். பாட்டு என்றால் நாம் "பாட்டுப் போடு" என்போம். அவர்களும் போடு என்கிற அதே "போனேர்" வினையைத்தான் பேச்சில் சொல்கிறார்கள். இதைக் கண்டுபிடித்த நாளில் அலுவலகத்தில் பக்கத்தில் இருந்த எல்லோரிடமும் போய்ச் சொன்னேன்.

"டேக்" இன்னும் அழகு. மாத்திரை போடு, பஸ் பிடி, குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, சட்டையைக் கழற்று. ஸ்பானிஷில் தோமார், கோஹேர், யெவார், கிதார். ஸ்பெயினில் பஸ்ஸுக்குச் சொல்கிற கோஹேர் உண்மையிலேயே பிடி என்கிற வினைதான்.

வாக்கிய அமைப்பிலும் இந்த உறவு இருக்கிறது. எனக்குப் பிடிக்கும் என்பதில் நான் எழுவாய் இல்லை, எனக்கு என்றுதான் வருகிறேன். "மே குஸ்தா" அப்படியேதான். எனக்குத் தலை வலிக்கிறது, "மே துவெலே லா கபேசா". அங்கும் வலிப்பது தலை. ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படித்தவர்கள் இந்த இடத்தில் மாதக்கணக்கில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தின் ஒற்றை "யூ" வந்தால் து, உஸ்தெத் என்று எதைப் போடுவது என்ற கேள்வியும் நமக்குப் புதிதில்லை. நீ, நீங்கள் என்று பிறந்ததிலிருந்து தேர்ந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆஸ்பத்திரிப் படிவம் என்றால் உஸ்தெத். யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் சல்லடையில் ஓட்டை உண்டு. அந்த ஓட்டைகள் எங்கெங்கே என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆக வேண்டாம்.

சில சொற்கள் தமிழிலும் பிரியாது. கேள் என்கிறோம், வழி கேட்டாலும் கடன் கேட்டாலும். ஸ்பானிஷில் தகவல் கேட்பது ப்ரெகுந்தார், பொருளையோ உதவியையோ கேட்பது பெதிர். மருந்துத் தாள்களில் "ஆஸ்க் யுவர் டாக்டர்" என்பதற்கு இரண்டையும் விட்டுவிட்டு "கொன்சுல்தே" என்று எழுதுவதுதான் அங்கே வழக்கம். தெரியும் என்கிறோம், விடை தெரிந்தாலும் ஆளைத் தெரிந்தாலும். அவர்களுக்குச் சபேர் வேறு, கொனோசேர் வேறு. எனக்கு உதவியது, "பழக்கம்" என்று மாற்றிப் பார்ப்பது. அந்த ஊர் எனக்குப் பழக்கம் என்று சொல்ல முடிந்தால் கொனோசேர். மீன் நீந்தினாலும் மீன், குழம்பில் கிடந்தாலும் மீன். அவர்களுக்குத் தண்ணீரில் இருப்பது பெஸ், பிடித்துச் சமையலுக்கு வந்தது பெஸ்காதோ. ஒவ்வாமைப் படிவத்தில் வேண்டியது பெஸ்காதோ.

இன்னொரு வகை ஓட்டைதான் ஆபத்தானது. ஆங்கிலத்தில் தெளிவாகப் பிரிந்திருப்பதை நம் தமிழ் சேர்த்துவிடும். கை, கால். தோளிலிருந்து விரல் வரை நமக்குக் கைதான். இடுப்புக்குக் கீழே எல்லாம் கால். "லெக்" வீங்கினால் என்று வந்த வாக்கியத்தை நான் மனதுக்குள் "கால் வீங்கினால்" என்று சொல்லிப் பார்த்து, "பியே" என்று எழுதிவிட்டேன். பியே பாதம். வேண்டியது பியெர்னா. தமிழ் வழியாகப் போனதால் வந்த பிழை அது. உடல் உறுப்புகள் வந்தால் இப்போது நான் தமிழுக்குள் போவதே இல்லை. உடற்கூற்றுப் படம் ஒன்றை ஸ்பானியப் பெயர்களோடு அச்சிட்டு மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் வாக்கியம் கையில் இருந்தால். செயலிகளுக்கான வேலையில் வாக்கியமே வராது. ஒரு எக்ஸெல் கோப்பில் 1,400 வரி வரும், பாதிக்கு மேல் ஒற்றைச் சொல். ஓபன். ஆர்டர். சார்ஜ். மே. லெஃப்ட். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தங்கை ஒருத்தி ஒருநாள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இந்த லெஃப்ட் எந்த லெஃப்ட்?"

"மேல கீழ என்ன இருக்கு?"

"மேல ஸ்டாக். கீழ சோல்டு அவுட்."

"அப்ப மிச்சம் இருக்கிறது. கேதான்னு போடு. இடப்பக்கம்னு நெனச்சு இஸ்கியெர்தா போட்டிருந்தா, கடையில சட்டை எல்லாம் இடது பக்கம் போயிருக்கும்."

மேலேயும் கீழேயும் பார்ப்பது முதல் வேலை. கோப்பை அகர வரிசையில் அடுக்கி அனுப்பியிருந்தால் அந்த உதவியும் போய்விடும். அப்போது பழைய வரிசையில் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிரலாளர் வைத்த அடையாளப் பெயர் ஒன்று இருக்கும். பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் அந்தப் பத்தியை மறைத்துவிட்டு வேலை செய்கிறார்கள். தயவுசெய்து மறைக்காதீர்கள். அதில் பட்டன் என்பதன் சுருக்கம் இருந்தால் அது அழுத்தும் இடம், வினை வேண்டும்: ஓபன் என்பது "அப்ரீர்". ஸ்டேட்டஸ் என்று இருந்தால் நிலை: கடை திறந்திருக்கிறது, "அபியெர்தோ". கடை என்ற சொல் ஸ்பானிஷில் பெண்பால் என்பதால் "அபியெர்தா" ஆகவும் வாய்ப்புண்டு. நியூ, ஆல், நன் போன்ற சின்னச் சொற்கள்தான் இதில் மிகவும் படுத்தும். புதிய குறுஞ்செய்தி என்றால் நுவெவோ, புதிய கடை என்றால் நுவெவா. எதைப் பற்றிய "நியூ" என்று தெரியாமல் அந்த ஒரு சொல்லை மொழிபெயர்க்கவே முடியாது. வாடிக்கையாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ஆர்டருக்கு ஸ்பானிஷில் வரும் ஒர்தென், பால் மாறினால் பொருளே மாறுகிற வகை. முன்னால் எல் வந்தால் ஆண்பால், லா வந்தால் பெண்பால். "எல் ஒர்தென்" வரிசை, ஒழுங்கு. "லா ஒர்தென்" கட்டளை. கடையில் கொடுக்கிற ஆர்டருக்குப் "பெதிதோ". இப்படி இன்னும் இருக்கின்றன: எல் கபிதால் மூலதனம், லா கபிதால் தலைநகரம், எல் கொமெதா வால்நட்சத்திரம், லா கொமெதா காற்றில் விடுகிற பட்டம். ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்ததோடு நில்லாமல் அதன் முன்னால் வருவது எல்லா, லாவா என்பதையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

கேள்வி கேட்கத் தயங்குவது எங்கள் துறையில் பெரிய நோய். கேட்டால் மொழி தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது. நல்ல கேள்வியை வாடிக்கையாளர்கள் மதிக்கிறார்கள் என்பதுதான் என் அனுபவம். ஆனால் "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டால் பதில் வராது. "214ஆம் வரியில் சார்ஜ் என்பது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதா, அட்டையில் பணம் எடுப்பதா?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் வரும். முன்னது கார்கா, பின்னது கோப்ரோ. முடிந்தால் திரையின் படம் கேளுங்கள். ஒரு படம் முப்பது கேள்விகளை மிச்சப்படுத்தும்.

எழுதி முடித்த பின், நான் தேர்ந்த ஸ்பானியச் சொல்லைத் தலைகீழாகத் தேடுகிறேன். ஸ்பானிஷ்-ஸ்பானிஷ் அகராதியில் அதன் எல்லாப் பொருளையும் படிப்பேன். ரியல் அகாதெமியா எஸ்பஞோலா, 1713ல் தொடங்கிய அமைப்பு, தன் அகராதியை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஏனென்றால் ஆங்கிலச் சொல் மட்டும்தான் பல பொருள் தரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "பொம்பா" தண்ணீர் பம்பும்தான், வெடிகுண்டும்தான். "முஞேக்கா" மணிக்கட்டு, பொம்மை. "காதோ" பூனை, காரைத் தூக்குகிற ஜாக்கியும் அதுதான். "தெரேச்சா" வலது, "தெரேச்சோ" உரிமை, லத்தீன் அமெரிக்காவில் வழி சொல்லும்போது நேராகப் போ என்றும் அர்த்தம். வழிகாட்டும் செயலியில் ஒரு உயிரெழுத்து மாறினால் வண்டி வலது பக்கம் திரும்பிவிடும். வாக்கியம் முழுதாக இருந்தால் இவை குழப்பாது. ஒற்றைச் சொல்லாக ஒரு பட்டனில் நின்றால் குழப்பும். பல நேரங்களில் சொல்லை அப்படியே படத் தேடலில் போட்டு, வருகிற படங்களைப் பார்த்தே முடிவு செய்திருக்கிறேன்.

எந்த நாட்டுக்கு என்பதை வேலையை ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிடுங்கள். ஸ்பானிஷ் இருபது நாடுகளின் ஆட்சிமொழி. ஸ்பெயினில் கள்ளமில்லாமல் பஸ் பிடிக்கிற கோஹேர், மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை. பஸ்ஸே கியூபாவில் குவாகுவா, மெக்சிகோவில் கமியோன். சிலியில் குவாகுவா என்றால் கைக்குழந்தை. சளி பிடித்திருப்பதை ஸ்பெயினில் "கொன்ஸ்திபாதோ" என்பார்கள். அட்லாண்டிக்கைத் தாண்டினால் சில இடங்களில் அது மலச்சிக்கல். "ரெஸ்ஃப்ரியாதோ" என்று எழுதினால் எல்லா ஊரிலும் சளிதான். பல நாடுகளுக்குப் பொதுவாகப் போகிற தாளில் இப்படி எங்கும் தவறாகாத சொல்லைத் தேடி எடுப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

நினைவகத்தைப் பற்றி நான் எடுத்த முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைச் சொல் வரிகளை அது தானாக நிரப்பும் வசதியை என் கணினியில் அடைத்துவிட்டேன். முன் வரியும் பின் வரியும் கூடப் பொருந்தினால் மட்டும் நிரப்பு என்று அமைக்க முடியும், அதைத்தான் வைத்திருக்கிறேன். வேகம் கொஞ்சம் குறைந்தது. மேலாளர் ஒருமுறை காரணம் கேட்டார். பழைய புண் படிவத்தை எடுத்துக் காட்டினேன். அதன்பின் குழு முழுவதற்கும் அதே அமைப்பு.

போன வாரம் எலும்பு முறிவு பற்றிய தாள் ஒன்று வந்தது. "காஸ்ட்" நனையாமல் பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு வரி. சினிமாவில் நடிகர் பட்டியலும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். தங்கை என்னிடம் கேட்கவில்லை. மாலையில் கேள்விப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "மாவுக்கட்டு என்று புரிகிறது. ஸ்பெயின் என்றால் எஸ்கயோலா, மெக்சிகோ என்றால் யேசோ. இந்தத் தாள் எந்த நாட்டுக்கு?"